பழைய யூனிக் கிரேனுக்குப் புதுக் கயிறும் கொக்கியும்: லைந்தாயா கடை ஒன்றின் மதிப்பீடு

சென்ற திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில், வேலை இல்லாத அந்தச் சில நாட்களைப் பயன்படுத்தி, எங்கள் கிரேன் லாரியின் கம்பிக் கயிற்றையும் கொக்கிக் கட்டையையும் (கொக்கியும் கயிறு ஓடும் கப்பிகளும் சேர்ந்த பாகம்) மாற்றினோம். இரண்டையும் ரங்கூனின் லைந்தாயா தொழிற்பேட்டையில், பழைய ஜப்பானிய லாரிகளின் உதிரிப் பாகங்களை விற்கும் ஒரு கடையில் வாங்கினோம். பொருத்தும் வேலையையும் அவர்களிடமே கொடுத்தோம். கயிறு வாங்க அந்தக் கடைக்கு யாரும் தயங்காமல் போகலாம் என்பது என் கருத்து. கொக்கி வாங்கப் போகிறவர், அதைச் சோதிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போக வேண்டும். பொருத்தும் வேலையை அவர்களிடம் விடக் கூடாது. ஒரே கடையைப் பற்றி மூன்று விதமாக ஏன் சொல்கிறேன் என்பதை, ரங்கூனுக்கு அருகே சிரியம், திலாவா பக்கங்களில் இதே வகை வண்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்று கட்டமாக நீளும் பூம் (தூக்கும் கை) கொண்ட ஜப்பானிய யூனிக் கிரேன். இசுசு லாரியில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நிற்கிறது. தகட்டில் 2.93 டன் என்று இருக்கும். இந்த 2.93 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்துப் பலரும் வியப்பார்கள். ஜப்பானிய விதிப்படி 3 டன்னும் அதற்கு மேலும் தூக்கும் கிரேன்களுக்கு அரசின் ஆய்வுச் சான்று வேண்டும். அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுகொள்வதற்காகவே 2.9 சொச்சத்தில் ஏராளமான கிரேன்களைச் செய்தார்கள். 2011க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபோது கப்பல் கப்பலாக இங்கே வந்தவற்றில் இந்த வகை மிகுதி. கயிற்றின் வயது என்ன, கொக்கி எத்தனை முறை மாறியது என்று சொல்லும் காகிதம் எதுவும் எங்கள் வண்டியோடு வரவில்லை. ஆகவே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது.

பழைய கயிற்றை மாற்ற வேண்டுமா என்பதிலேயே எங்கள் வீட்டில் இரண்டு கருத்து இருந்தது. கிரேன் ஓட்டும் பெரியவர் என் தாய்மாமன் முறை. முப்பது ஆண்டுகளாக நெம்புகோல் பிடிப்பவர். "இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் மாப்பிள்ளை" என்றார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் கயிறு 8 மில்லிமீட்டர். ஆறு புரி, ஒவ்வொரு புரியிலும் 26 கம்பி, ஆக 156 கம்பிகள். ஒரு முறுக்கு நீளத்தில், அதாவது ஒரு புரி கயிற்றை ஒருமுறை முழுதாகச் சுற்றி வரும் தூரத்தில், பத்து விழுக்காட்டுக் கம்பிகள் அறுந்திருந்தால் கயிற்றைக் கழிக்க வேண்டும் என்பது ஜப்பானிய விதி. எங்கள் கணக்கில் அது 16 கம்பி. மிக மோசமான இடத்தில் நாங்கள் எண்ணியது ஒன்பதுதான். ஆனால் அமெரிக்கர்களின் கிரேன் விதி இதைவிடக் கறார்: ஓடும் கயிற்றில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் சிதறலாக ஆறு கம்பி அறுந்திருந்தாலும், ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலும் கயிறு போக வேண்டியதுதான். எங்கள் ஒன்பதில் நான்கு ஒரே புரியில் இருந்தன. குறுக்களவும் 7.6 மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தது; ஜப்பானியக் கணக்கில் 7.44 வரை போகலாம், அமெரிக்கக் கணக்கில் 7.6லேயே எல்லை வந்துவிட்டது. இரண்டு விதிகள் இரண்டு விதமாகச் சொல்லும்போது கயிற்றுக்குக் கீழே நிற்பவனின் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று நான் வாதிட்டேன். கீழே நிற்பவன் பெரும்பாலும் மாமாவின் மகன்தான் என்பதால் வாதம் நீளவில்லை.

கடைக்கு வருவோம். வெளியே பார்த்தால் மற்ற பழைய இரும்புக் கடைகளைப் போலத்தான் இருக்கும்: வாசலில் லாரி சாயாமல் ஊன்றும் அவுட்ரிகர் கால்கள், உள்ளே ஹைட்ராலிக் பம்புகள், கூரையிலிருந்து தொங்கும், சுமையைக் கட்டித் தூக்கும் சிலிங்குகள். ஆனால் கயிறு மட்டும் தனியே, கூரையுள்ள இடத்தில், மரப் பலகைமேல் தூக்கி வைத்த உருளைகளில் இருந்தது. ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊரில் கயிற்றைத் தரையில் போடாமல் வைத்திருக்கும் கடை என்பதே எனக்குப் பாதி நம்பிக்கையைத் தந்தது. கடைக்காரர் பர்மியர், அறுபது வயதிருக்கும், யாரையும் "சயா" (ஐயா) என்றுதான் அழைப்பார். நான் கேட்பதற்கு முன்னாலேயே வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கையில் கொடுத்தார். இதற்கு முன் நான் போன இரண்டு கடைகளில் அளவு பார்க்க வேண்டும் என்றதும் முகம் மாறியது. ஒரு கடையில் "8" என்று சீட்டு ஒட்டிய கயிறு 7.7 காட்டியது. புதுக் கயிறு சொன்ன அளவைவிடக் குறைந்திருக்கவே கூடாது. 8 மில்லிமீட்டர் கயிறு 8.0இலிருந்து 8.4 வரை இருக்கலாம். இந்தக் கடையில் மூன்று இடங்களில் அளந்தேன், மூன்றிலும் 8.2. அளக்கும்போது எதிரெதிர்ப் புரிகளின் முதுகு தாடையில் படும்படி வெர்னியரைப் பிடிக்க வேண்டும். புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் வைத்தால் எந்தக் கயிறும் மெலிந்துதான் தெரியும். அவர் தன் கையாலேயே சரியாகப் பிடித்துக் காட்டினார்.

எந்தக் கயிறு என்பதில் எனக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தது. சுமை சுழலாமல் நிற்கும் கயிறு என்று ஒன்று உண்டு. பத்தொன்பது புரிகளைக் கொண்டது. வெளி அடுக்கு ஒரு பக்கமும் உள் அடுக்கு எதிர்ப்பக்கமும் முறுக்கியிருக்கும். விலை கூடுதல் என்பதால் அது உயர்ந்த சரக்கு என்று நினைத்து அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் விற்றிருக்கலாம், விற்கவில்லை. கொக்கிக் கட்டை நான்கு வரிக் கயிற்றில், அதாவது மேலும் கீழுமாக நான்கு முறை ஓடும் கயிற்றில், தொங்கும் கிரேனுக்கு, அதுவும் இவ்வளவு குறைந்த உயரத்துக்கு, அது தேவையில்லை என்றார். அந்தக் கயிற்றில் கம்பிகள் முதலில் உள்ளே அறுபடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பழைய வண்டிக்கு வேண்டாம் என்பதையும் விளக்கினார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கூடுதல் விலைக்குப் போகக்கூடிய பொருளை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை இந்த ஊரில் அடிக்கடி பார்க்க முடியாது.

கடைசியில் எடுத்தது கொரியக் கயிறு: ஆறு புரி, துத்தநாகப் பூச்சு, நடுவில் சணலுக்குப் பதிலாக எஃகு உள்கயிறு, கம்பியின் வலுவைக் குறிக்கும் தரம் 1770. சணல் உள்ளது மலிவு. எண்ணெயை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் டிரம்மில் அடுக்கடுக்காகச் சுற்றும் கயிறு மேலடுக்கின் அழுத்தத்தில் நசுங்கும். எஃகு உள்கயிறு அந்த நசுக்கலைத் தாங்கும். வலுவிலும் வேறுபாடு உண்டு. 8 மில்லிமீட்டரில் இந்த வகைக்குக் குறைந்தபட்ச அறுவிசை (கயிறு அறுபடும் இழுவை) 40 கிலோநியூட்டன், ஏறத்தாழ 4.1 டன், சணல் உள்ளதற்கு 37 கிலோநியூட்டனுக்குச் சற்று மேல். நான்கு வரியில் 2.93 டன்னைத் தூக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் முக்கால் டன் வரும். கப்பிகளின் உராய்வையும் சேர்த்தால் பாதுகாப்பு மடங்கு, அதாவது வரும் சுமையைப்போல் எத்தனை மடங்கில் கயிறு அறுபடும் என்பது, ஐந்தைத் தொட்டு நிற்கிறது. சணலில் அது ஐந்துக்குக் கீழே போய்விடும். உருளையோடு வந்த சான்றிதழின் நகலைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் தெருமுனைக்குப் போய் நகலெடுத்து வந்து கொடுத்தார். விலையை எழுதிப் பயனில்லை. டாலர் ஏறும்போது அதுவும் ஏறும். மீட்டர் கணக்கில் விற்கிறார், நிறையில் அல்ல, என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நிறையில் விற்பது பழைய கயிறு. பர்மியர் பெய்த்தா என்று சொல்லும், ஆங்கிலேயர் நம் வீசை என்ற சொல்லை எடுத்து விஸ் என்று எழுதிய, 1.63 கிலோ எடைக்கு இவ்வளவு என்று அதற்கு விலை. நாங்கள் கழற்றிய 55 மீட்டர் கயிறு ஒன்பது வீசைக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. முழுதாகப் போட்டால் அது வேறொருவன் வண்டியில் ஏறிவிடும் என்பதால், இரண்டிரண்டு அடித் துண்டுகளாக வெட்டிய பிறகே போட்டோம்.

கொக்கியின் கதை வேறு. ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு முதல்நாள் வண்டியைக் கழுவி, கொக்கிக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் கட்டுவது எங்கள் வழக்கம். பத்து ஆண்டுப் பூச்சு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தது. அதைச் சுரண்டியபோதுதான் கொக்கியின் வாயின் இருபுறமும் முன்பு யாரோ குத்தி வைத்திருந்த இரண்டு புள்ளிகள் தெரிந்தன. வாய் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கொக்கியில் அப்படிப் புள்ளி குத்துவார்கள். பக்கத்தில் 80 என்ற எண்ணும் இருந்தது. இப்போது அளந்தால் 84.5. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வாய் விரிந்த கொக்கியைக் கழித்துவிட வேண்டும். எங்களுடையது அதையும் தாண்டியிருந்தது. சுமையைக் கொக்கியின் அடிவளைவில் உட்காரவிடாமல் நுனியில் மாட்டி இழுத்ததும், சிலிங்கின் இரு கால்களையும் அகலமாக விரித்துப் போட்டதும்தான் காரணமாக இருக்க வேண்டும். எத்தனை ஆயுத பூசை அந்த விரிந்த வாய்க்கு எலுமிச்சம்பழம் கட்டினோம் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

கடைக்காரர் மூன்று வழி சொன்னார். முதலாவது, பழைய கொக்கியைச் சூடேற்றி வாயை நெருக்கி, தேய்ந்த அடிவளைவில் வெல்டிங் வைத்துத் தருவது. கயிற்றைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசிய மனிதர் இதைக் கூசாமல் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. கிரேன் கொக்கி காய்ச்சி அடித்து, பிறகு வெப்பப் பதம் கொடுத்துச் செய்தது. அதன்மேல் நெருப்பு பட்டால் அந்தப் பதம் கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் புதிதுபோல மின்னும். வேண்டாம் என்றேன். இரண்டாவது, புதிய கொக்கிக் கட்டை, மலிவு, ஆனால் அதில் எத்தனை டன் என்றோ, எங்கே செய்தது என்றோ ஒரு குறியும் இல்லை, பக்கவாட்டில் வார்ப்பு அச்சின் கோடு போன்ற ஒன்று தெரிந்தது. அதையும் விட்டோம். மூன்றாவது, பிரித்த வண்டிகளிலிருந்து எடுத்த ஜப்பானியக் கட்டைகள். கொக்கியில் எடை அச்சிட்டிருந்தது. கப்பியின் பள்ளமும் எங்கள் கயிற்றுக்குப் பொருந்தியது. அந்த வரிசையில்தான் தேட முடிவு செய்தோம்.

இங்கேதான் கூட ஒருவர் வேண்டும் என்று சொல்கிறேன். திலாவாவில் கப்பல் பழுது வேலை செய்யும் நண்பர் ஒருவர் விரிசல் காட்டும் சாயப் புட்டிகளோடு வந்தார். முதலில் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்து, பிறகு வெள்ளை மாவு போன்றதைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையில் கசிந்து கோடாகத் தெரியும். பார்ப்பதற்கு மிக நல்ல நிலையில் இருந்த முதல் கட்டையில், கொக்கியின் கழுத்து மரையில் முடியளவு சிவப்புக் கோடு எழுந்தது. கொக்கி முழுவதும் தொங்குவது அந்தக் கழுத்தில்தான்; அதன் நட்டு மூடியைக் கழற்றாமல் அந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். இரண்டாவது கட்டை சுத்தமாக இருந்தது. வாயின் அளவு சரி. அடிவளைவில் தேய்மானம் மிகக் குறைவு, பத்து விழுக்காடு என்ற எல்லைக்கு வெகு தூரத்தில். கழுத்து பேரிங் கையால் திருப்பினாலே சுழன்றது. சிலிங் வெளியே நழுவாமல் தடுக்கும் தாழ் நாக்கின் சுருள்வில் மட்டும் தளர்ந்திருந்தது. பழைய கொக்கியிலிருந்து கழற்றி மாற்றிக்கொண்டோம். இதையே எடுத்தோம்.

பொருத்தும் வேலைக்கு இரண்டு இளைஞர்களை அனுப்பினார்கள். பணிவானவர்கள், சுறுசுறுப்பானவர்கள், ஆனால் யாரும் முறையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. கயிற்றுச் சுருளைத் தரையில் படுக்கப் போட்டு, மேல் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். அப்படி இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திருகு கயிற்றில் ஏறும். எங்காவது ஒரு வளையம் விழுந்து இறுகினால் அந்த இடத்தில் கயிறு மடிந்து, எத்தனை நிமிர்த்தினாலும் சரியாகாது. புதுக் கயிறு முதல்நாளே கழிந்துபோகும். நிறுத்தி, சுருளை நிமிர்த்திச் சக்கரம்போல உருட்டி விரிக்கச் செய்தோம்.

அடுத்தது கப்பி. பூமின் நுனிக் கப்பிகளில் ஒன்றின் பள்ளத்தில் பழைய கயிற்றின் புரித் தடம் ரம்பம்போலப் பதிந்திருந்தது. அப்படிப்பட்ட பள்ளத்தில் புதுக் கயிற்றை ஓட்டினால் சில மாதங்களில் அதுவும் பழைய கயிற்றைப் போலாகிவிடும். கடையில் கயிறு விற்கும்போதும் சரி, பொருத்த வந்தபோதும் சரி, கப்பியைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்விகூட அவர்கள் கேட்கவில்லை. அந்தக் கப்பியைக் கழற்றி, சிரியத்தில் எங்களுக்குப் பழக்கமான கடைசல் பட்டறையில் கொடுத்துப் பள்ளத்தை வழவழப்பாகக் கடைந்து வாங்க ஒரு முழுநாள் போயிற்று. இது வருத்தம்தான், பெரிய குறை அல்ல.

பெரிய குறை கயிற்றின் முடிவில் இருந்தது. எங்கள் கிரேனில் கயிற்றின் கடைசி நுனி பூமின் தலையில், கயிற்றை மடித்து ஆப்பு வைத்து இறுக்கும் ஆப்புக் கூடு ஒன்றில் பூட்டப்படுகிறது. கூட்டின் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். சுமை தாங்கும் வரி நேர்ப்பக்கத்தில், கூட்டைப் பூமோடு மாட்டும் தடித்த ஊசியோடு ஒரே கோட்டில் வர வேண்டும். மடங்கி வெளியே வரும் வெட்டு நுனியான வால்தான் சாய்வுப் பக்கம் வர வேண்டும். அவர்கள் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். அப்படி இருந்தால் சுமை ஏறும் ஒவ்வொரு முறையும் வரி கூட்டின் வாயில் ஒடிந்து வளையும், அங்கேயே கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடத் தொடங்கும். அதோடு நிற்காமல், வால் நழுவிவிடக் கூடாது என்று யூ போல்ட் கிளிப் ஒன்றை வாலையும் சுமை வரியையும் சேர்த்து இறுக்கியிருந்தார்கள். கிளிப் வாலில் மட்டும் இருக்க வேண்டும். சுமை வரியைச் சேர்த்துப் பிடித்தால் ஆப்பு இறுகி உட்காராமல் சுமை கிளிப்பின் வழியாகப் போகும். ஒழுங்காகப் பூட்டிய ஆப்புக் கூடே கயிற்றின் முழு வலுவில் எண்பது விழுக்காட்டைத்தான் தரும். ஒழுங்கில்லாமல் பூட்டியதற்குக் கணக்கே இல்லை.

இதைக் கண்டது நானல்ல, மாமா. ஒரு மழைக்காலம் தாங்கும் என்று சொன்ன அதே மனிதர், பூமைத் தரைக்கு இறக்கிக் கூட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதைக் கழற்றாமல் நான் நெம்புகோலைத் தொடமாட்டேன்" என்று இறங்கிவிட்டார். கழற்றி, நசுங்கிய ஒரு முழ நீளத்தை வெட்டி எறிந்து, அவரே சரியாகப் பூட்டினார். வாலை ஒரு சாணுக்குக் குறையாமல் விட்டார். இளைஞர்கள் இருவரும் கூடவே நின்று கவனித்தார்கள். அவர்களில் ஒருவன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். கடையில் இதைச் சொன்னபோது, கடைக்காரர் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தது நல்ல குணம்தான். ஆனால் மாமா பார்க்காமல் போயிருந்தால் முழுக் கூலியையும் வாங்கியிருப்பார், நாங்களும் நன்றி சொல்லிக் கொடுத்திருப்போம்.

டிரம்மில் சுற்றும் வேலையை அவர்களிடம் விடவே இல்லை. வெறுமனே சுற்றிய கயிறு தளர்வாக இருக்கும். முதல் கனமான சுமையில் மேலடுக்கு கீழடுக்குக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். ஆகவே ஏறத்தாழ அரை டன் கான்கிரீட் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, பூமை முழுதாக நீட்டி, அந்த இழுவையிலேயே சுற்றுகளை நெருக்கமாக அமர்த்தினோம். கொக்கி தரையைத் தொடும்போதும் டிரம்மில் மூன்று சுற்றுக்குக் குறையாமல் எஞ்சுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். பிறகு அரைச் சுமை, முக்கால் சுமை என்று படிப்படியாக ஏற்றினோம்.

அதன்பின் ஒரு முழு மழைக்காலம் போயிற்று. மின்வெட்டின் புண்ணியத்தில் ஜெனரேட்டர் ஏற்றி இறக்கும் வேலை எங்களுக்குக் குறைவதில்லை. இடையில் கோயில் வேலைக்காகத் தேக்குக் கட்டை ஒன்றையும் கூலி வாங்காமல் நிறுத்திக் கொடுத்தோம். கயிற்றின் குறுக்களவு இப்போது 8.1. அறுந்த கம்பி ஒன்றும் இல்லை. துத்தநாகப் பூச்சு கொக்கிக்கு அருகில் மட்டும் சற்று மங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை புரிகளுக்குள் இறங்கும்படி மெல்லிய எண்ணெய் போடுகிறோம். முன்பு போட்டுவந்த கெட்டி கிரீஸ் வெளியில் மட்டும் அப்பிக்கொண்டு, உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்திருந்தது என்பது பழைய கயிற்றை வெட்டியபோது தெரிந்தது. உள்கயிறு முழுவதும் செங்கல் நிறத்தில் இருந்தது.

இந்த ஆண்டு ஆயுத பூசைக்குக் கொக்கிக்கு வண்ணம் அடிக்கவில்லை. சந்தனமும் குங்குமமும் மட்டும் இட்டோம். மறுநாள் துடைத்தால் போய்விடும்.

மழை முடிந்து சிலிங் ஒன்று வாங்க அதே கடைக்குப் போனேன். கொக்கிக் கட்டைகளின் வரிசையில், கழுத்தில் விரிசல் காட்டிய அந்த முதல் கட்டை, புதுச் சிவப்பு வண்ணத்தில் நின்றுகொண்டிருந்தது. அச்சிட்ட எண்ணின் மூலையில் இருந்த ஒரு வெட்டை வைத்து அடையாளம் தெரிந்தது. கேட்டதற்கு, ஒரு டன்னுக்குக் குறைவாகத் தூக்குகிறவர்களுக்கு அது போதும், சயா, என்றார். பேரம் பேசி அதை வாங்கி, பக்கத்துப் பட்டறையில் கேஸ் கட்டரால் கழுத்தோடு அறுத்து இரண்டாக்கிவிட்டு வந்தேன். பழைய இரும்பின் விலைக்குத்தான் கொடுத்தார்; வண்ணம் அடித்த செலவை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொண்டார்.